டாக்காவில இருந்து வந்த பிறகு எழுதினது

03.02.2024, கல்லடி, மட்டக்களப்பு
வந்து பத்து நாளாகுது. அக்கா ஆசையா இறால் சொதி வச்சுத் தந்தா, ரெண்டு வருசமா தேடின சாப்பாடு, ஆனா உள்ளுக்குப் போகல. கமலாப்பூர் ரயில் ஸ்டேசன்ல பாத்த பொடியன்தான் கண்ணுக்குள்ள நிக்கிறான். எட்டு வயசு இருக்கும். சாக்கு நிறைய தண்ணிப் போத்தல், ஒவ்வொண்டா மூடியத் திருகி வேற பையில போட்டுக்கிட்டே இருந்தான், மூடிக்கு வேற விலையாம். விரல் நுனியெல்லாம் வெடிச்சுக் கிடந்திச்சு. பேரக் கேட்டன், நிமிரல்ல. அக்காட மகனுக்கும் அதே வயசு.

05.02.2024
டாக்காவில எங்கட கார்மன்ட்ஸ்ல வேலை செஞ்ச ஒரு அக்கா தன்ட மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒருக்கா என்னக் கூட்டிப் போனா, பிராக் எண்ட தொண்டு அமைப்பு நடத்துறது. ஒரே அறை, ஒரே டீச்சர், முப்பது புள்ளைகள் மட்டில் பாயில இருந்து படிக்குதுகள். டீச்சர் அதே ஊர்ப் பொம்புளை, எத்தனை மணிக்கு வகுப்பெண்டதையும் தாய் தகப்பனோட பேசித்தான் வைக்கிறாங்களாம். பிராக் ஃபசல் ஹசன் ஆபெத் 1972ல தொடங்கின அமைப்பு, 1985ல 22 பள்ளிக்கூடத்தோடதான் இந்த வேலையில இறங்கியிருக்காங்க. 22 எண்டா நமக்கு எட்டாத கணக்கா? நாம ஒண்டு தொடங்கினா போதுமே.

10.02.2024
வலையிறவுப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனம். வெட்டு நேரம், தாய் வயலுக்குப் போனா மூத்தவன் தங்கச்சியப் பாக்கணும், ரெண்டு கிழமையா பள்ளிக்கூடம் போகலயாம். "புத்தகம் அரசாங்கம் தருது மனே, சப்பாத்து ஆரு தருவா?" எண்டு தாய் கேட்டா. அவன்ட சப்பாத்து மூலையில கிடந்திச்சு, கால் வளந்திட்டெண்டு முன்பக்கத்த பிளேட்டால வெட்டி விட்டிருக்கா.
ராத்திரி நித்திரை வரல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு கேம்ப்ல எனக்கு ஒரு ஸ்கூல் பேக் தந்தாங்க, அப்ப எனக்கு ஒன்பது வயசு, ஆர் அனுப்பினதெண்டு இண்டைக்கும் தெரியா. அந்த பேக்கோடதான் திரும்பப் படிக்கப் போனன்.

18.02.2024
இந்தப் புள்ளைகளுக்கு ஒரு அமைப்புத் தொடங்க மாமாட விறாந்தையில ஏழு பேர் கூடினம். தலைவர், செயலாளர், பொருளாளர் போட்டாச்சு. யாப்பு எழுதி பிரதேச செயலகத்தில பதியணும், தொண்டு அமைப்புகளைப் பதியிற 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ, கணக்கு வழக்கு மட்டும் ஒரு சதம் பிசகாம இருக்கணும் எண்டு மாமா ரெண்டு தரம் சொன்னார், சரியாத்தான் சொன்னார்.
மறுகா பின்னேரம் அந்தப் படுவான்கரை ஊருக்குப் போய் தாய்மாரோட பேசினம். நான் ஆறு மணிக்கு வகுப்பு எண்டு நினைச்சிருந்தன், அவங்க வேணாமெண்டுட்டாங்க, பொழுதுபட்டா யானை வாற வழி. மூணரைக்குத் தொடங்கி அஞ்சுக்கு விடுறது. ஏஎல் முடிச்ச ஒரு தங்கச்சி படிப்பிக்க ஓமெண்டுட்டா.
சப்பாத்து அளவெடுக்க புள்ளைகள்ட காலைக் கடதாசியில வச்சு பென்சிலால கோடு கீறினம். சப்பாத்து வெட்டின அந்தப் பொடியன் விரலெல்லாத்தையும் உள்ளுக்கு மடக்கி வச்சிருந்தான். நீட்டி வை தம்பி எண்டு மூணு தரம் சொல்லித்தான் நீட்டினான்.