ஒரு பக்கத்தை மூன்று தடவை படிப்பது

நிறையப் படித்தால் எழுத்து தானாக வரும் என்பது பாதி உண்மைதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற நகரத்தில் நாளிதழை முதல் வரியிலிருந்து மரண அறிவிப்பு வரை ஒன்றுவிடாமல் படிக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துத் தைத்து வைத்த பாட்டிமார் இருக்கிறார்கள். இவர்கள் வாயால் ஒரு விஷயத்தைச் சொன்னால் நேரம் போவது தெரியாது. கோயில் திருவிழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். "இந்த இனிய வேளையில்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். படிப்பு போதாததால் வருகிற கோளாறு இல்லை இது. கதை எங்கே போகிறது என்று பார்த்தே படித்துவிட்டார்கள். வாக்கியம் எப்படிப் போகிறது என்று நின்று பார்க்கவில்லை.

நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவன் பாடம் கேட்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். இரண்டாம் முறை கேட்டால் நூலில் பிழைபட மாட்டான். மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து தானே எடுத்துச் சொல்வான். அவர் சொன்னது காதால் பாடம் கேட்ட காலத்துக்கு. அச்சுப் புத்தகத்துக்கும் கணக்கு மாறவில்லை. முதல் தடவை கதைக்காக, இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு, மூன்றாம் தடவை புத்தகத்தை மூடிவிட்டு.

முதல் தடவை பென்சிலைத் தொடவே வேண்டாம். ரசிக்காத பக்கத்தை அறுத்துப் பார்த்து ஒரு பயனும் இல்லை. முழுக்கப் படித்த பிறகு, எந்த இடத்தில் நெஞ்சு ஒரு கணம் நின்றதோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள். இருநூறு, இருநூற்றைம்பது சொல் போதும். அத்தியாயம் முழுவதையும் எடுத்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள்.

அந்தப் பக்கத்தில் முற்றுவினைகளை எல்லாம் வட்டமிடுங்கள். போனாள், கேட்டது, இருக்கிறது போன்றவை. எச்சங்களை அடிக்கோடிடுங்கள். எழுந்து, பார்த்து, சொல்லிவிட்டு, வந்தபோது போன்றவை. தமிழ், வினை கடைசியில் வந்து உட்காருகிற மொழி. வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் எத்தனை அடிக்கோடு விழுகிறது என்று எண்ணினால் அந்த எழுத்தாளரின் மூச்சு பிடிபட்டுவிடும். பிறகு உங்கள் எழுத்தில் ஒரு பக்கத்தை எடுத்து அதே வேலையைச் செய்யுங்கள். ரப்பர்த் தோட்டத்தைப் பற்றிப் புதிதாக எழுதுகிறவர்களின் பக்கம் அநேகமாக இப்படித்தான் இருக்கும் (காண்டா என்பது வாளிகளைத் தோளில் சுமக்கும் தடி, பெரட்டு காலையில் ஆள் கணக்கெடுப்பது, நிரை மர வரிசை, ஒட்டுப்பால் வெட்டில் காய்ந்து ஒட்டிய பால்):

"மாரியாயி விடியற்காலையில் எழுந்து, பசியாறிவிட்டு, காண்டாவை எடுத்துக்கொண்டு, பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்துவிட்டு, தன் நிரைக்கு நடந்து வந்து, முதல் மரத்தின் ஒட்டுப்பாலை உரித்தாள்."

ஆறு எச்சம், ஒரு முற்று. இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை. ஆனால் பசியாறியதும் ஒட்டுப்பாலை உரித்ததும் ஒரே எடையில் விழுகின்றன. எதைப் பார்க்கவேண்டும் என்று வாசகனுக்குத் தெரியவில்லை. நல்ல பக்கங்களை எண்ணிப் பழகிய கை இதையே வேறு மாதிரி எழுதும்:

"விடியுமுன்னே பசியாறிவிட்டுப் பெரட்டுக்கு வந்துவிட்டாள். பெயர் கொடுத்தாள். காண்டாவைத் தோள் மாற்றிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தபோது இன்னும் இருட்டு. முதல் மரத்தின் ஒட்டுப்பால் ஈரமாக, கயிறு மாதிரி, ஒரே இழுப்பில் உரிந்து வந்தது."

'பெயர் கொடுத்தாள்' என்ற இரண்டு சொல் வாக்கியத்தைக் கவனியுங்கள். அது ஒரு படி. அதில் கால் வைத்துத்தான் அடுத்த நீண்ட வாக்கியத்துக்கு ஏறுகிறோம். மூன்றாவது வாக்கியத்தில் முற்றுவினையே இல்லை. 'இன்னும் இருட்டு' என்று நின்றுவிடுகிறது. கடைசி வாக்கியத்தில் எழுவாய் மாறிவிட்டது. இதுவரை அவள் செய்தாள், இப்போது ஒட்டுப்பால் வருகிறது. வாசகனின் கண் அவள் முகத்திலிருந்து அவள் கைக்கு இறங்கிவிடுகிறது. இப்படி எழுவாயை மாற்றச் சொல்லி எந்த இலக்கணப் புத்தகத்திலும் தனிப் பாடம் கிடையாது. பக்கங்களில் பென்சில் வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

நன்னூல் இன்னொரு கருவியும் தருகிறது. ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களின் பட்டியல். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற பட்டியல் இது. இதை ஓர் அட்டையில் எழுதி நாளிதழ் படிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செய்திக் கட்டுரையில் மற்றொன்று விரித்தலைப் பிடிப்பது சுலபம்: வெள்ளம் பற்றிய செய்தி மூன்றாம் பத்தியில் வந்திருந்த பிரமுகர்களின் பட்டியலாக மாறிவிடும். சென்று தேய்ந்து இறுதல் பத்திக் கட்டுரைகளில் அதிகம். முதல் இரண்டு பத்தி கனல் பறக்கும், கடைசியில் அறிவுரை மட்டும் மிஞ்சும். பிடிக்கக் கஷ்டமானது மயங்க வைத்தல். "நிர்வாகி கிராணியிடம் அவர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்." யார் வீட்டை? நிர்வாகி வீட்டையா, கணக்கெழுதும் கிராணி வீட்டையா? எழுதியவருக்குத் தெரியும், அதனால் அவர் கண்ணில் படாது. அடுத்தவர் எழுத்தில் இதை இருபது தடவை பிடித்த கண்தான் சொந்த எழுத்திலும் பிடிக்கும்.

மூன்றாம் தடவைதான் முக்கியமானது. பலரும் தாண்டிப் போவதும் அதைத்தான். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயதில் தன் உரைநடையைத் திருத்திக்கொண்ட விதத்தைச் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். பிடித்த கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதி வைத்தார். சில நாள் அப்படியே விட்டார். பிறகு மூலத்தைப் பார்க்காமல் குறிப்பிலிருந்து முழுக் கட்டுரையையும் தன் சொல்லில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்திப் பார்த்தார். அது கருத்தை ஒழுங்காக அடுக்குவதற்கான பயிற்சி.

இங்கே வேலை முடிந்து வீடு திரும்பியவருக்கு இதைச் சுருக்கித் தரலாம். கோடு போட்ட நோட்டு, பேனா, இருபது நிமிடம். எடுத்த பக்கத்தில் ஒரு வாக்கியத்தை முழுசாகப் படியுங்கள். கையால் மறைத்துவிட்டு எழுதுங்கள். பிறகு திறந்து பாருங்கள். சொல் சொல்லாகப் பார்த்து எழுதினால் அது வெறும் படியெடுப்பு. கை வலிக்கும், மண்டையில் ஒன்றும் ஏறாது. மறைத்து எழுதும்போதுதான் உங்கள் பழக்கம் வெளியே வரும். மாறிப்போன இடத்தைச் சிவப்பு மையில் குறியுங்கள். இரண்டு வாரத்தில் சிவப்பு எல்லாம் இரண்டு மூன்று இடங்களில் குவிவதைக் காண்பீர்கள். மூலத்தில் இல்லாத 'மிகவும்' உங்கள் நோட்டில் இருக்கும். 'பெரிய மரம்' என்று இருந்தது 'பெரிய மரமாகும்' என்று முடிந்திருக்கும். 'சொன்னான்' என்பது 'கூறினான்' ஆகியிருக்கும். வல்லினம் மிகவேண்டிய இடத்தில் மிகாமலும், மிகக்கூடாத இடத்தில் மிகுந்தும் இருக்கும். சந்தி விதிகளை மனப்பாடம் செய்வதைவிட இந்தச் சிவப்புக் குறிகள் சீக்கிரம் பாடம் சொல்லும்.

ஓர் ஆளையே தொடர்ந்து செய்யக்கூடாது. ஐந்தாறு வாரத்துக்கு மேல் ஒருவரிடம் இருந்தால் அவர் குரல் உங்கள் தொண்டையில் உட்கார்ந்துவிடும். அது வருவதில் தவறில்லை, போகாமல் இருப்பதுதான் தொல்லை. முதலாமவர் நீளமாக எழுதுகிறவர் என்றால் அடுத்தவர் வெட்டு வெட்டாக எழுதுகிறவராக இருக்கட்டும். கதைக்குப் பிறகு பயணக் கட்டுரை, அதன் பிறகு அறிவியல் கட்டுரை. நல்ல சமையல் குறிப்பைக்கூட ஒரு வாரம் எழுதிப் பார்க்கலாம், எது முன்னே எது பின்னே என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

சொல் நோட்டு வைக்கச் சொல்வார்கள். வையுங்கள், ஆனால் சொல்லுக்கு எதிரே பொருள் எழுதாதீர்கள். எதோடு சேர்ந்து வந்தது என்று எழுதுங்கள். மழைக்கு எத்தனை வினை: தூறியது, பிடித்துக்கொண்டது, கொட்டியது, விட்டது, வெறித்தது. மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை என்று இருக்கிற ஊரில் 'மழை பெய்தது' என்று மட்டும் எழுதுவது சோம்பல். ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), காண்டா, நிரை, லயம் (தொழிலாளர் வரிசை வீடு), ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) போன்ற தோட்டத்துச் சொற்களையும் அதே நோட்டில் எழுதுங்கள். இவற்றைத் தாத்தா பாட்டி வாயிலிருந்துதான் எடுக்கவேண்டும். செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகு பால்மரத்துச் சொற்களைத் தினமும் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் செய்யுளும் மொழியணியும் படித்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. இணைமொழி, மரபுத்தொடர், உவமைத்தொடர் எல்லாம் பட்டியலாக மனதில் இருக்கும். கட்டுரையில் அவற்றைச் சேர்த்தால் புள்ளி கிடைத்தது. அந்தக் கை பழகிப்போய், வளர்ந்த பிறகும் இலைமறை காயும் குன்றின்மேலிட்ட விளக்கும் பத்திக்கு ஒன்று வந்து விழுகின்றன. நல்ல உரைநடையில் பத்துப் பக்கம் எடுத்து உவமைத்தொடர்களை எண்ணிப் பாருங்கள். பல பக்கங்களில் ஒன்றுகூட இருக்காது.

உரையாடலில் கெடுவது வேறு மாதிரி. கதையில் பாட்டி "நான் சந்தைக்குச் செல்கிறேன்" என்று செய்தி வாசிப்பாள். வீட்டில் அவள் சொல்வது "பசாருக்குப் போய்ட்டு வந்துர்றேன்." இதற்கு மருந்து சத்தமாகப் படிப்பது. கதாபாத்திரத்தின் வரியை வாய்விட்டுப் படித்தால் நாக்கு இடறுகிற இடம் தெரிந்துவிடும். எல்லாச் சொல்லையும் பேசுகிற மாதிரியே சிதைத்து எழுதவும் தேவையில்லை. வினைமுற்றை மட்டும் பேச்சில் விட்டு மற்றதைப் படிக்கத் தோதாக வைக்கிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். யார் எவ்வளவு சிதைக்கிறார்கள் என்று பார்த்துப் படியுங்கள்.

இங்கே பள்ளியிலும் வேலையிலும் மலாயும் ஆங்கிலமும் படிக்கிறோம். அது நல்லதுதான். ஆனால் கட்டமைப்பு கசிந்து வருகிறது. சுற்றறிக்கைத் தமிழில் எல்லாமே 'படுகிறது'. கோலகங்சாரில் நிற்கிற பழைய ரப்பர் மரத்தைப் பற்றி எழுதச் சொன்னால், "1877-ஆம் ஆண்டு நடப்பட்ட இம்மரம் வரலாற்றுச் சிறப்புமிக்க ஒன்றாகக் கருதப்படுகிறது" என்று வரும். யார் கருதுகிறார்கள்? ஒன்றாக என்றால் எதில் ஒன்று? இந்த வரியில் மரமே இல்லை. "கோலகங்சாரில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் நட்ட கன்று. இன்று தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களின் பாட்டன்மாருக்கும் மூத்தது." தகவல் அதே தகவல்தான். ஆண்டைத் தனி வாக்கியத்தில் நிறுத்தியதும் அதற்கு எடை வந்துவிட்டது. எண்ணை எங்கே வைப்பது என்பதும் படித்துக் கற்கிற விஷயமே.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: சிறு நகரத்து நூலகத்தில் தமிழ் அலமாரி சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் போய்க் கேட்டால்தான் அடுத்த முறை கூடும். 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியமும் காப்புரிமை தாண்டிய உரைநடையும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. கைப்பேசியில் படித்தால் பென்சில் ஓடாது. அதனால் எடுத்த பக்கத்தை முதலில் நோட்டில் எழுதிக்கொண்டு, அதன் மேல் வட்டமிடுங்கள்.

வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் நிலாம் என்ற பள்ளி வாசிப்புத் திட்டத்தின் பதிவு இருக்கும். தலைப்பு, ஆசிரியர், பக்கம், சுருக்கம். சுருக்கத்தைப் பின்னட்டையிலிருந்து இறக்கிவிடுவது ஊரறிந்த ரகசியம். எண்ணிக்கைதான் கணக்கு என்றால் பிள்ளை வேறென்ன செய்யும். அந்தப் பதிவை ஒன்றும் செய்யவேண்டாம். தனியாக ஒரு நோட்டு கொடுத்து, புத்தகத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: பிடித்த வாக்கியம் எது, அதில் முதல் சொல் ஏன் முதலில் வந்தது. நான்காம் ஆண்டுப் பிள்ளைகூட யோசித்து ஏதாவது சொல்லும். அந்தப் பதில் பின்னட்டையில் இருக்காது.