ஸ்வாப் ஃபங்ஷனில் போன ஆறு மார்க்

முதல் செமஸ்டர் சி புரோகிராமிங் தேர்வில், இரண்டு எண்களை இடம் மாற்றும் ஸ்வாப் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் தனிக் குறிமுறைத் துண்டு) எழுதச் சொல்லியிருந்தார்கள். எட்டு மார்க். டெம்ப் என்று ஒரு வேரியபிள் (மதிப்பை வைக்கும் இடம்), மூன்றே வரி, இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடைத்தாள் கைக்கு வந்தபோது அதற்கு இரண்டு மார்க்தான் விழுந்திருந்தது. ஓரத்தில் சிவப்பில் ‘ஓட்டிப் பார்’ என்று ஒரு வரி. லேபில் ஓட்டினேன். எக்ஸ் 5, ஒய் 9. ஸ்வாப்பைக் கூப்பிட்ட பிறகும் அதே 5, அதே 9.

சி-யில் ஃபங்ஷனுக்குள் போவது நம் வேரியபிள் இல்லை, அதன் மதிப்பின் நகல். இந்த வாக்கியம் என் நோட்டிலேயே இருந்தது, மனப்பாடமும் செய்திருந்தேன். ஆனால் பென்சிலால் பெட்டி போட்டுப் பார்த்த பிறகுதான் உறைத்தது. புரோகிராம் தொடங்கும் மெயின் ஃபங்ஷனுக்கு ஒரு பெட்டி, அதில் எக்ஸ், ஒய். ஸ்வாப்புக்கு இன்னொரு பெட்டி, அதில் ஏ, பி. இடம் மாறுவதெல்லாம் இரண்டாவது பெட்டிக்குள்தான். ஃபங்ஷன் முடிந்ததும் அந்தப் பெட்டியை ரப்பரால் அழித்துவிடுங்கள். முதல் பெட்டியை யாரும் தொடவே இல்லை, பார்த்தீர்களா?

மெயினில் இருப்பதே மாற வேண்டுமென்றால் முகவரியைக் கொடுக்க வேண்டும். கூப்பிடும் இடத்தில் & குறி, வாங்கும் இடத்தில் * குறி. உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப் எழுதும்போதெல்லாம் ஏன் என்று தெரியாமலே & போட்டுக்கொண்டிருந்தேனே, அதற்கும் அன்றுதான் காரணம் புரிந்தது.

அரே (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) கொடுத்தால் மட்டும் உள்ளே செய்த மாற்றம் வெளியிலும் நிற்கும். இது விதிவிலக்கு ஒன்றும் இல்லை. அங்கே போவது முதல் உறுப்பின் முகவரி. அதனால்தான் உள்ளே அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் போட்டால் அரேயின் அளவு வராது, முகவரியை வைத்திருக்கும் பாய்ன்டரின் அளவுதான் வரும். எத்தனை உறுப்புகள் என்பதைத் தனி எண்ணாக அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு பழக்கம் என்னை நிறைய நாள் படுத்தியது: விடையை ஃபங்ஷனுக்குள்ளேயே பிரின்ட்எஃப் போட்டுத் திரையில் அச்சிட்டுவிடுவது. ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி வருவது) மட்டும் கேட்டால் தப்பிக்கலாம். ஐந்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழிகள் என்று கேட்டால்? 5-இன் ஃபேக்டோரியலான 120-ஐ, 2-இன் ஃபேக்டோரியலான 2-ஆலும் 3-இன் ஃபேக்டோரியலான 6-ஆலும் வகுத்து 10 வர வேண்டும். திரையில் அச்சான எண்ணை வைத்து எப்படி வகுப்பது? விடையை ரிட்டர்ன் செய்து, கூப்பிட்ட இடத்துக்கே திருப்பிக் கொடுத்திருந்தால் அதே ஃபங்ஷனை மூன்று முறை கூப்பிட்டு ஒரே வரியில் முடித்திருக்கலாம். அப்புறம், 32 பிட் இன்ட் (முழு எண் வகை) வைத்தால் 12 ஃபேக்டோரியல் வரைதான் தாங்கும். 13-க்கு வரும் விசித்திர எண்ணைப் பார்த்து லாஜிக்கைச் சந்தேகப்பட்டு ஒரு மாலையைத் தொலைத்தவன் நான்.

இப்போது கேள்வியைப் படித்ததும் முதலில் எழுதுவது ஃபங்ஷனின் தலைப்பு வரியைத்தான். உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது? எதுவும் வராவிட்டால் வாய்ட். அதையே மெயினுக்கு மேலே செமிகோலனோடு எழுதினால் புரோட்டோடைப். கீழே முழு ஃபங்ஷனை எழுதும்போது அந்தச் செமிகோலன் கூடாது. புரோட்டோடைப்பை விட்டால் பழைய கம்பைலர் (நம் குறிமுறையை இயந்திர மொழிக்கு மாற்றுவது) இன்ட் திரும்பும் என்று தானே முடிவு செய்துகொண்டு போய்விடும். ஃபங்ஷன் தருவது டபுள், அதாவது தசம எண் என்றால் குப்பை எண் வரலாம். சி-யின் 1999 ஸ்டாண்டர்டிலேயே அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் வெறும் வார்னிங்கோடு விட்டுவிடும் கம்பைலர்கள் இருக்கின்றன, வார்னிங்கையும் படியுங்கள்.

ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது) கேட்டால் நிற்கும் நிபந்தனையை முதல் வரியாகவே போட்டுவிடுங்கள். மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

இரண்டு மார்க் கேள்விகளில் ஸ்டாட்டிக் (ஃபங்ஷன் முடிந்தாலும் மதிப்பை இழக்காத வேரியபிள்) வரும். ஃபங்ஷனுக்குள் பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு கவுன்ட், ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டி அச்சிடுகிறது என்று வையுங்கள். மூன்று முறை கூப்பிட்டால் சாதாரணமாக 1 1 1. ஸ்டாட்டிக் போட்டால் 1 2 3. பெட்டி போட்டால் இங்கேயும் தெரியும்: ஸ்டாட்டிக் கவுன்ட்டை மட்டும் ஃபங்ஷனின் பெட்டிக்கு வெளியே வரையுங்கள், ரப்பர் அங்கே போகாது.