மழலையர் வகுப்பு எடுத்துக்கொண்டே முதுகலை: கணக்குப் போட்டுச் சேருங்கள்

முதலில் எம்.ஏ. கல்வியியல் வேறு, எம்.எட். வேறு. எம்.எட். என்சிடிஇ-யின் (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) 2014 விதிகளின்படி 2 ஆண்டுப் படிப்பு. அதில் சேர பி.எட். அல்லது இளங்கலையோடு டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம்) போன்ற தகுதி வேண்டும், 50 சதவீத மதிப்பெண்ணோடு. தொலைநிலையில் படிக்கவைக்கும் இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. கல்வியியலுக்கு ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் போதும், வேலையை விடவும் வேண்டாம். ஆனால் எம்.எட். கேட்கும் பணியிடத்துக்கு இது ஈடாகாது. எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய. இன்னொன்று, இந்த எம்.ஏ. ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். தமிழில் எழுத விரும்புவோர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தமிழ்வழிப் படிப்புகளைத் தேடலாம். அரசுப் பணியில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே துறை அனுமதி வாங்கிவிடுங்கள். பட்டம் வாங்கியபின் அனுமதிக்கு அலைவது பெரும்பாடு.

அடுத்தது நேரம். இக்னோ கணக்கில் 1 கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு 32 கிரெடிட் எடுத்தால் 960 மணி, அதாவது வாரத்துக்குக் கிட்டத்தட்ட 18½ மணி. மூன்று வயதுக் குழந்தைகள் இருபது பேரை மாலைவரை மேய்த்தவருக்குத் தொண்டையும் இடுப்பும் போயிருக்கும், இரவில் பாடம் ஏறாது. விடியற்காலை ஒரு மணி நேரம் வீதம் வாரத்தில் ஐந்து நாள், ஞாயிறு நான்கு மணி: இதுதான் பெரும்பாலோருக்குக் கைகூடுவது, மொத்தம் 9. கணக்கு உதைக்கிறதா? உதைக்கும். 2 ஆண்டுப் படிப்பை முடிக்க அதிகபட்சம் 4 ஆண்டு தருவது இதற்குத்தான். 3 ஆண்டாகப் பரப்பினாலும் வாரம் 12 மணிக்கு மேல் வேண்டும். எல்லாத் தாளையும் ஒரே தேர்வில் எழுதப் பணம் கட்டிவிட்டு, பாதியை அரியராக்குவது வீண்செலவு.

தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஜூன் என்றால் பள்ளி திறக்கும் மாதம். புதுக் குழந்தைகள் அழுது ஓயவே இரண்டு வாரம் ஆகும், விடுப்பும் கிடைக்காது. ஆகவே ஜூனில் ஒன்றிரண்டு தாளோடு நிறுத்தி, மிச்சத்தை டிசம்பருக்குத் தள்ளுங்கள். ஆண்டுவிழாவை டிசம்பரில் வைக்கும் பள்ளி என்றால் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இக்னோவின் பெரும்பாலான முதுகலைப் படிப்புகளில் அசைன்மென்டுக்கு (வீட்டில் எழுதிக் கொடுக்கும் விடைகளுக்கு) 30 சதவீதம், எழுத்துத் தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும், ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடாது. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, பழைய கேள்வித்தாளுக்கு விடை எழுதிக் கொடுப்பது. நீங்கள் சேர்ந்த பருவத்துக்கு உரிய கேள்வியை இணையதளத்தில் எடுத்து, கையாலேயே எழுதுங்கள். கொடுக்கும் முன் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து, ஒப்புகைச் சீட்டையும் வாங்கி வையுங்கள். மதிப்பெண் ஏறாமல் போனால் காட்ட வேறு சாட்சி கிடையாது.

கையெழுத்தை அலுத்துக்கொள்ள வேண்டாம். கல்வியியல் தாள்களில் 600 சொல் நீள விடைகளும் 150 சொல் குறிப்புகளுமாக மூன்று மணி நேரம் எழுத வேண்டிவரும். பல வருடம் வாட்ஸ்அப்பில் மட்டுமே எழுதிய விரல்கள் ஒரு மணி நேரத்தில் மரத்துவிடும். அசைன்மென்டுதான் அதற்கான பயிற்சி.

விடையில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் 'ஆசிரியர் இதைச் செய்ய வேண்டும்' என்று அறிவுரையாகவே எழுதிப் போவார்கள். கேட்பதோ காரணம். உளவியலாளர் பியாஜே சொன்ன 'செயல்பாட்டுக்கு முந்தைய நிலை' என்ற குழந்தை வளர்ச்சிப் படியை எழுதினால், குட்டை டம்ளரிலிருந்து ஒல்லி டம்ளருக்குத் தண்ணீரை மாற்றியதும் 'இதில்தான் நிறைய இருக்கு' என்று நாலு வயதுக் குழந்தை சொல்வதைக் காட்டி, உயரத்தை மட்டுமே பார்த்து அளவை முடிவு செய்கிறது என்று விளக்குங்கள். 3 முதல் 8 வயதுக்கான 2022-இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பையும் படித்துவிடுங்கள், பல கேள்விகளுக்கு உதவும்.

ஆய்வேட்டில்தான் உங்கள் வேலை உண்மையாகவே கைகொடுக்கும், இடறவும் செய்யும். 'முன்பருவக் கல்வியின் தாக்கம்' போன்ற தலைப்புக்கு ஆயுள் போதாது. 'கேட்ட கதையை 4 வயதுக் குழந்தைகள் திரும்பச் சொல்லப் படஅட்டை உதவுகிறதா' என்பது ஒரு பருவத்தில் முடியும். ஆய்வு முன்வரைவுக்கு ஒப்புதல் வரும்வரை தகவல் சேகரிக்காதீர்கள். கைடு கேள்வியை மாற்றினால் சேர்த்ததெல்லாம் குப்பை.

பாடம் நடத்திக்கொண்டே நோட்டில் எழுத முடியாது. பையில் ஒரு துண்டுச்சீட்டு, அதில் நேரமும் இரண்டு மூன்று சொற்களும் மட்டும். அன்று மதியம் குழந்தைகள் தூங்கும்போதே விரித்து எழுதிவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் குழந்தை சொன்ன சொல் மறந்து நம் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'பகிரத் தெரியாத பிள்ளை' என்று எழுதுவது தீர்ப்பு. 'சிவப்புக் கட்டையைக் கேட்டதும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள், எனக்கு வேணும் என்றாள்' என்பதே பதிவு. பிடிவாதம், சமத்து, மந்தம் எல்லாம் நோட்டுக்கு வெளியே.

சொந்த வகுப்பில் ஆய்வு செய்தால், டீச்சர் கேட்கிறாரே என்று பெற்றோர் மறுக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஒப்புதல் படிவம் எளிய தமிழில் இருக்கட்டும், மறுத்தாலும் குழந்தைக்கு ஒரு குறையும் வராது என்ற வரியோடு. முடிந்தால் படிவத்தை இன்னொரு ஆசிரியர் மூலம் கொடுங்கள். பெயருக்குப் பதில் கு1, கு2. பின்னிணைப்பில் முகம் தெரியும் படம் வேண்டாம்.

சேகரிப்பை ஆகஸ்டில் தொடங்கலாம், அழுகை ஓய்ந்து வருகை சீரான பிறகு. தீபாவளி வந்தால் ஊருக்குப் போவார்கள், மழை தொடங்கினால் காய்ச்சல் வரும். 12 குழந்தைகளின் முழுப் பதிவு வேண்டுமென்றால் 16 பேருக்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள்.