மதிப்பெண்ணுக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில்

குழந்தைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்ற ஐயத்தோடு மருத்துவமனைக்குப் போகும் பெற்றோரிடம், மதிப்பீடு என்ற ஒரே பெயரில் அங்கே இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒன்று, ஆட்டிசம் உண்டா, உண்டென்றால் எந்த அளவில் என்பதைத் தீர்மானிப்பது. மற்றொன்று, இந்தக் குழந்தை இன்று எதைச் செய்கிறது, அடுத்து எதைக் கற்றுக்கொள்ளக்கூடும் என்பதைக் கண்டறிவது. என் மகனை வளர்த்த அனுபவத்தில், நாங்கள் அஞ்சியது முதலாவதற்கு. பயன்பட்டது பெரும்பாலும் இரண்டாவது.

இரண்டு வயதை நெருங்கியபோது அவன் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. வேண்டியதை விரலால் சுட்டவும் இல்லை. "ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள்" என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். குழந்தை மருத்துவர் எம்-சாட் என்னும் 20 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கான அந்தத் தாள் ஆட்டிசம் என்று முடிவு சொல்வதில்லை. மேலும் பரிசோதிக்க வேண்டியவர்களைப் பிரித்துக் காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. அடுத்துக் கேட்கும் திறனுக்கான பெரா பரிசோதனை நடந்தது. அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமலும் இருக்கலாம் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. குழந்தை தூங்கினால்தான் எடுக்க முடியும் என்பதால், முந்தைய இரவு அவனைத் தாமதமாகத் தூங்க வைத்து, வழியில் கண்ணயராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பாடாயிற்று.

நம் நாட்டில் மாற்றுத்திறன் சான்றிதழுக்குப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்னும் இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. குழந்தையைக் கவனித்தும் பெற்றோரைக் கேட்டும் போடப்படும் மதிப்பெண் இது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை ஏற்றிருப்பதால், குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாது என்னும் சான்றிதழும் யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் பல சலுகைகளுக்குக் கதவைத் திறக்கின்றன. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பெற வழியுண்டு. ஆகவே அந்த எண் தேவைதான். ஆனால் மறுநாள் காலை குழந்தையோடு என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை.

அந்த விடையைச் சிறப்பாசிரியர் ஒருவர் எடுத்து வந்த பட்டியல் தந்தது. எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்) என்னும் அந்த முறை சென்னையிலேயே உருவானது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 என 360 செயல்கள். எளியதிலிருந்து கடினமானதை நோக்கி அடுக்கப்பட்டவை. குழந்தைக்கு எது வராது என்று கேட்காமல், எதைச் செய்கிறான் என்று குறித்துக்கொண்டே போய், குறி நின்ற இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குகிறார்கள். எங்களுக்கு அமைந்த முதல் இலக்கு பேச்சு அன்று, கேட்டு வாங்குவது. தோசையை முழுதாகத் தட்டில் வைக்காமல் சிறு துண்டாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிடித்த பொம்மை கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்டக் கூடாது. அவன் பார்த்தாலோ, கையைப் பிடித்து இழுத்தாலோ, சுட்டினாலோ உடனே அந்தப் பொருளின் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். காத்திருக்கும் அந்தச் சில நொடிகள் என் மாமியாருக்குப் பெரும் துன்பமாக இருந்தன. பேரன் கேட்பதற்கு முன்பே ஊட்டிப் பழகிய கை அது. பின்னர் அவரே எங்கள் எல்லோரையும்விடப் பொறுமையாகக் காத்திருந்தார்.

பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் தெரபி மையத்தை நாங்கள் விட்டு விலகியதற்கும், இந்தப் பயிற்சி வீட்டில் எங்கள் கையால்தான் நடக்க வேண்டும் என்பதே காரணம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் வெளியான ஆய்வொன்றில், சிறப்பு நிபுணர் அல்லாத பணியாளர்கள், பெற்றோர் குழந்தையோடு விளையாடும் காணொளியைக் காட்டிப் பயிற்சி அளித்தபோது, பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுக்கும் விதமும் குழந்தை தானாகத் தொடர்புகொள்ள முனைவதும் கூடின. வாரத்தில் சில மணி நேரமே தெரபிஸ்ட்டோடு கழிகிறது. மீதி முழுவதும் வீட்டில்தான்.

மதிப்பீட்டுக்குத் தேதி கிடைக்கும்வரை காத்திருப்பவர்களுக்கு ஒன்று: தெரபி தொடங்க ஆட்டிசம் என்ற முடிவு எழுத்தில் வர வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்களில், வளர்ச்சித் தாமதம் என்ற ஐயத்தோடு வரும் குழந்தைகளையும் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் இதற்கெனத் தனி மையம் உண்டு. போகும்போது, வீட்டில் குழந்தை இயல்பாக விளையாடும், சாப்பிடும் சில நிமிடக் காணொளிகளைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். புதிய அறையில் அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் மருத்துவரால் பார்க்க முடியாததை அவற்றில் பார்க்கலாம்.