மூடிய நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர்க் கணக்கு

தெலங்கானாவில், கோதாவரிப் படுகையில் இருக்கும் ஒரு பழைய நிலத்தடிச் சுரங்கத்தின் நீர்க் கண்காணிப்பு என் பொறுப்புக்கு வந்தபோது, அங்கே கரி எடுப்பது நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருட அறிக்கையை எப்படி முடித்தோம் என்பது இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மூடிய சுரங்கத்தில் எதற்குப் பம்பு என்று பலர் கேட்பார்கள். இறைப்பதை நிறுத்தினால் மழைநீரும் மணற்பாறைக் கசிவும் சேர்ந்து, கரி எடுத்தபின் கூரை சரிந்து கிடக்கும் இடங்களை மெல்ல நிரப்பும். அப்புறம் எந்த வாய் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். அதைவிடப் பெரிய கவலை, பக்கத்துச் சுரங்கத்தில் ஆட்கள் இறங்குகிறார்கள் என்பது. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், பழைய குடைவில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்து 370க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதே கோதாவரிப் பகுதியில் 2003 ஜூனில் நீர் புகுந்து 17 பேர் போனார்கள். நீர் தேங்கிய குடைவிலிருந்து 60 மீட்டருக்குள் அனுமதி இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரியாமல், அந்த 60 மீட்டரை மட்டும் நம்பி ஆளை எப்படி இறக்குவது?

கையில் கிடைத்த பழைய பதிவேடுகளில் நீர்மட்டம் எல்லாம் தரையிலிருந்து இத்தனை மீட்டர் ஆழம் என்றே இருந்தது. நிலத்தடி நீர்மட்டம் பார்க்க இறக்கிய ஒவ்வொரு பைசோமீட்டர் குழாயின் வாயும் வேறு வேறு உயரத்தில் இருக்கும்போது, இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. சர்வேயரை அழைத்து எல்லாக் குழாய் வாய்களையும் கடல்மட்ட உயரத்துக்கு, அதாவது ஆர்.எல். கணக்குக்குக் கொண்டுவந்தோம். ஒரு குழாயின் சிமென்ட் மேடையை யாரோ உயர்த்திக் கட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதன்பின் எங்கள் நீர்மட்டம், பக்கத்துச் சுரங்கத்தின் சம்ப் (நீர் சேரும் குழி) மட்டம், ஆற்றின் வெள்ள மட்டம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட முடிந்தது. அறிக்கையில் மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு பக்கம்தான் முக்கியம் என்று இன்றும் நினைக்கிறேன்.

தானியங்கி சென்சார் இருக்கிறதே, கையால் எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். குழாய்க்குள் நீரின் அழுத்தத்தை வைத்து மட்டத்தைச் சொல்லும் எங்கள் சென்சார், காற்றழுத்தத்தையும் சேர்த்துத்தான் அளக்கும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், திருத்தம் செய்யாத கணக்கில் தண்ணீர் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கியதுபோல் தெரியும். புயல் சின்னம் வரும் வாரத்தில், மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போதே அது இறங்குவதாகக் காட்டலாம். அதனால் மாதம் ஒருமுறை டிப் மீட்டரை, அதாவது முனை தண்ணீரைத் தொட்டதும் ஒலிக்கும் அளவு நாடாவை இறக்கி, பீப் சத்தம் வரும் இடத்தை நாடாவில் படித்துச் சரிபார்த்தோம்.

வெளியேறும் ஓடையில் நீரின் அளவைக் கணக்கிட 90 பாகை வி-நாட்ச் தகடு, அதாவது வி வடிவ வெட்டுள்ள தகடு பதித்திருந்தார்கள். அளவுகோலை ஆணியடித்து வைத்திருந்ததோ தகட்டின் மேலேயே. தண்ணீர் தகட்டைத் தாண்டும் இடத்தில் வளைந்து இறங்குவதால் அங்கே உயரம் குறைவாகத் தெரியும். நீர் உயரத்தைப் போல நான்கு மடங்காவது மேல்புறம் தள்ளி அளக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 4.4 லிட்டர், 12 என்றால் 6.9 லிட்டர். அந்த இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் நாளொன்றுக்கு இருநூறு கன மீட்டருக்கு மேல் வரும். அளவுகோலை மாற்றி வைத்த பிறகுதான் கணக்கு உட்காரத் தொடங்கியது.

அறிக்கைக் கோப்பு போன அலுவலகம் ஒன்று அதைத் திருப்பி அனுப்பியது. பம்பு ஓடிய மணி நேரத்தை அதன் பெயர்ப்பலகைத் திறனால் (தயாரிப்பாளர் பம்பில் பொறித்த இறைக்கும் அளவால்) பெருக்கினால் வருவதும் ஃப்ளோ மீட்டர் சொல்வதும் ஒத்துப்போகவில்லையாம். ஒத்துப்போகவே போகாது. உள்ளே மட்டம் ஏறினால் தூக்க வேண்டிய உயரம் குறைகிறது, அதே பம்பு அதிகமாக இறைக்கும். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருந்தால் குறைவாக இறைக்கும். இதைப் பல மாதம் கடிதத்தில் விளக்கினோம், பதிலே இல்லை. கடைசியில் பம்பு ஆபரேட்டர் அண்ணாவின் லாக் புக்தான் வழி காட்டியது. மணி நேரத்தோடு மோட்டார் இழுக்கும் ஆம்பியரையும், வெளியேறும் குழாயில் நீரின் அழுத்தமான டெலிவரி பிரஷரையும் அவர் தினமும் எழுதி வந்திருக்கிறார், யாரும் கேட்காமலே. அதை வைத்து ஒவ்வொரு மாதத்துக்கும் பம்பின் உண்மையான திறனைக் காட்டினோம், ஒப்புக்கொண்டார்கள்.

இறைத்த தண்ணீர் ஊர் ஏரிக்கும் நாற்றுப் பண்ணைக்கும் போகிறது. இந்தப் பகுதிக் கரியில் கந்தகம் குறைவு என்பதால் அமிலத் தொல்லை அவ்வளவாக இல்லை. சுரங்கக் கழிவுநீருக்கான வரம்புகள், அதாவது பி.ஹெச். 5.5 முதல் 9, மிதக்கும் துகள் லிட்டருக்கு 100 மில்லிகிராம் போன்றவை, எளிதாகவே தேறின. ஆனால் கட்டாயமாகப் பார்க்கச் சொல்லும் பட்டியலில் கடினத்தன்மை இல்லை. குடிநீர்த் தரத்திலோ அதற்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்றும் வரம்பு உண்டு. ஊர்க்காரர்கள் ஏரி ஓரத்துக் கிணற்றிலிருந்து குடிக்கிறார்கள். அதனால் அந்தக் கிணற்று நீரையும் பரிசோதித்து அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று விடாமல் கேட்டுச் சேர்த்தோம்.

2009 வழிகாட்டுதலில் சுரங்கம் மூடுவதற்கான வைப்புத்தொகை திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். மேலே நிலம் கெடுவது குறைவு என்பது சரி. கீழே நிற்கும் நீரை இத்தனை வருடம் பார்த்துக்கொள்ளும் செலவு அதில் போதிய அளவு இல்லை என்பது என் கருத்து.

இந்த வேலையை எடுப்பவர்கள் மே மாதத்திலேயே சர்வேயையும் மீட்டர் அளவுத்திருத்தத்தையும் முடித்துவிடுங்கள். ஜூனில் மழை பிடித்துவிட்டால் ஓடைக்கரைக்கு ஜீப் போகாது.