நாற்பது வளைவு இறங்கிக் கோவைக்கு

வால்பாறைக்கு வந்த மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் அடியில் பால் கூடிய டீயின் நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தது; ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டதன் அடையாளம். அப்பா 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி அது; வீட்டில் யாரும் அதைப் பத்மினி என்று சொல்வதில்லை, பியட் என்றுதான் சொல்வோம். முந்தைய நாள் ஆழியாறிலிருந்து மேலேறும்போதே இருபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் ஊற்றித்தான் ஊர் வந்து சேர்ந்தோம்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ரேடியேட்டர் வாயில் குமிழி வருவதைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "கேஸ்கெட் போயிருச்சுங்க சார். ஹெட்டைக் கழட்டாம ஒண்ணும் பண்ண முடியாது. இங்க கழட்டுனா கேஸ்கெட் கோயமுத்தூர்ல இருந்துதான் வரணும், ஹெட்டும் லேத்துக்கு அங்கதான் போகணும்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த 1089 சிசி எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியான ஹெட் அலுமினியம்; இரண்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். அதிகச் சூட்டில் அலுமினியம் சற்றே வளைந்துகொள்ளும் என்பதால், ஹெட்டை லேத்தில் சமப்படுத்தாமல் புதிய கேஸ்கெட்டை மட்டும் வைத்து மூடினால் சில நாளில் மறுபடியும் ஒழுகும். மேடையுள்ள லாரியில் ஏற்றி இறக்குவதற்குக் கேட்ட தொகையோ, இந்த வண்டியை விற்றால் கிடைப்பதில் பாதிக்கு அருகில் இருந்தது.

ஓட்டியே கொண்டுபோவது என்று முடிவுசெய்தோம். மெக்கானிக் கெட்டுப்போன ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினார். தண்ணீர் தடையின்றிச் சுற்றட்டும் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். உள்ளே அழுத்தம் கூடினால் பழுதான இடம் வழியே இன்னும் அதிகமாகக் கசியும் என்பதால் ரேடியேட்டர் மூடியை முழுவதும் இறுக்காமல் முதல் காடியில் நிறுத்தச் சொன்னார். ஐந்து லிட்டர் கேன்கள் நான்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, குளிர் இருக்கும்போதே கிளம்பினோம். அட்டகட்டிக்கு முன்பே சில ஏற்றங்கள் உண்டு. அவற்றில் மட்டும் வண்டி மூச்சு வாங்கியது.

நாற்பது வளைவுகளையும் நினைத்துத்தான் எல்லோரும் பயந்தார்கள். உண்மையில் அதுதான் சுலபமான பகுதி. "எஞ்சினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விட்டுட்டா சூடே ஆகாதேண்ணா?" என்று தம்பி கேட்டான். அப்படி இறக்கினால் வண்டியின் எடை முழுவதையும் பிரேக்தான் தாங்க வேண்டும்; டிரம் பிரேக் பத்து வளைவுக்குள் காய்ந்து பிடிப்பை இழக்கத் தொடங்கிவிடும். ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் கம்பியை இரண்டாவதில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் எரிவது மிகக் குறைவு என்பதால் சூடும் ஏறுவதில்லை, அதே நேரத்தில் தண்ணீர் பம்பும் விசிறியும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் முள் இறங்கியபடியே வந்தது. ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை முழுவதும் தெரியும் லோம்ஸ் காட்சிமுனையில் நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்தபோது, நீர்மட்டம் ஒரு விரற்கடை கூடக் குறைந்திருக்கவில்லை. தடுப்புச் சுவரின் மேல் நின்ற ஒரு வரையாடு எங்களைப் பொருட்படுத்தாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சோதனை சமவெளியில்தான் காத்திருந்தது. ஆழியாறு தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதித்தாக வேண்டும். மிதித்தால் எரியும் வாயு கேஸ்கெட்டின் ஓட்டை வழியே தண்ணீருக்குள் புகுந்து அதை வெளியே தள்ளும். அங்கலகுறிச்சி வருவதற்குள் பானெட் இடுக்கில் ஆவி தெரிந்தது. அதன் பிறகு எட்டுக் கிலோமீட்டருக்கு ஒருமுறை தென்னந்தோப்பு நிழலில் ஒதுங்குவதும், கால் மணி நேரம் காத்திருப்பதும், ஈரச் சாக்கால் மூடியைப் பிடித்து மெல்லத் திருகுவதும், எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுமாகவே பொழுது போயிற்று. கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தால் ஹெட் விரிசல் விட்டுவிடும் என்பதால், அவசரப்பட்ட தம்பியிடமிருந்து கேனை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பொள்ளாச்சியில் கேன்களை மறுபடியும் நிரப்பினோம். கிணத்துக்கடவில் ஒரு இளநீர்க்காரர், தன் பங்குக்கு அரைக் குடம் தண்ணீர் கொடுத்துவிட்டு, தன் மாமனாரும் இதே வண்டிதான் வைத்திருந்தார் என்று அதன் கதையையும் சொல்லி முடித்தார். அந்தக் கதை நீண்டதில் எஞ்சின் நன்றாக ஆறியது.

ஈச்சனாரி தாண்டியபோது ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கத் தொடங்கியது. சுந்தராபுரத்துச் சிக்னல்களில் நிற்கும்போதெல்லாம் முள் மேலே போக, பின்னால் வெள்ளைப் புகை பரவ, இருசக்கர வண்டிக்காரர்கள் முறைத்துக்கொண்டே கடந்தார்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டவர்கள் வழக்கமான பட்டறையின் வாசலில் நின்றபோது மணி மூன்றரை. மலையில் ஒரு சொட்டும் தேவைப்படாத வண்டி, சமவெளியில் இருபத்திரண்டு லிட்டர் தண்ணீரைக் குடித்திருந்தது.

மறுநாள் ஹெட்டைத் தூக்கியதும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது சிலிண்டரின் ஓரத்தில், கேஸ்கெட்டின் தகடு கருகி, நகக்கண் அளவுக்கு அரித்துப்போயிருந்தது. ஹெட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் கோடாக ஒளி தெரிந்தது. புது கேஸ்கெட் அன்றைக்கே கிடைத்துவிட்டது. எஞ்சினைப் பழைய போர்வையால் மூடிவிட்டு ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோனோம். வெள்ளிக்கிழமை தருவதாக லேத்காரர் சொல்லியிருக்கிறார். எந்த வெள்ளிக்கிழமை என்று அவர் இன்னும் சொல்லவில்லை.