மணிச்சட்டம் இழந்த மணிகள்

அபாகஸ் எனப்படும் மணிச்சட்டத்தைக் கணினியின் மூதாதை என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. என்னை ஈர்ப்பதோ, அந்தச் சட்டத்தில் எத்தனை மணிகள் இருந்தன, அவை ஏன் குறைந்தன என்னும் கேள்விதான்.

தொடக்கத்தில் சட்டமும் கம்பியும் இல்லை. கோடு கிழித்த பலகையும் அதன்மேல் நகர்த்திய கூழாங்கற்களுமே இருந்தன. கிரேக்கத்தின் சலாமிஸ் தீவில் 1846இல் கிடைத்த, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சலவைக்கல் பலகை அத்தகையது என்றே கருதப்படுகிறது. பின்னர் ரோமானியர் கையடக்கமான வெண்கலத் தகட்டில் பள்ளங்கள் வெட்டி, ஒவ்வோர் இலக்கத்துக்கும் மேலே ஐந்தின் மதிப்புடைய ஒரு மணியையும் கீழே ஒன்றின் மதிப்புடைய நான்கு மணிகளையும் பொருத்தினர்.

சீனத்தின் சுவான்பான் வேறு வழியில் சென்றது. 1592இல் செங் தாவெய் எழுதிய கணித நூல் விரிவாக விளக்கும் அந்தச் சட்டத்தில், குறுக்குச் சட்டத்துக்கு மேலே இரண்டு, கீழே ஐந்து என ஒரு கம்பிக்கு ஏழு மணிகள் இருந்ததால், ஒரே கம்பியில் 15 வரை குறிக்க முடிந்தது. ஒரு ஜின் எடைக்கு 16 லியாங் என்று நிறுத்த வணிகருக்கு இது மிகவும் பொருந்தியது என்பது பலர் தரும் விளக்கம்.

பதின்மக் கணக்குக்கோ ஒரு கம்பியில் 9 வரை குறித்தால் போதும். சுவான்பானைத் தழுவி சொரோபானை உருவாக்கிய ஜப்பானியர், முதலில் மேல்மணி ஒன்றை நீக்கினர். 1930களில் கீழ்மணியும் நான்காகக் குறைந்த வடிவம் பரவியது. ரோமானியரின் தகட்டில் இருந்த அதே எண்ணிக்கைக்கு அவர்கள் தம் வழியிலேயே வந்து சேர்ந்தது எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. ஏழோடு எட்டைக் கூட்ட வேண்டுமானால், எட்டு என்பது பத்தில் இரண்டு குறைவு என்பதால், இடப்பக்கக் கம்பியில் ஒரு மணியை ஏற்றிவிட்டு இந்தக் கம்பியில் இரண்டு கீழ்மணிகளை இறக்கினால் போதும், 15 வந்துவிடும்.

இந்த இரண்டு அசைவுகளின் வேகத்தை 1946 நவம்பர் 12 அன்று டோக்கியோவில் பலரும் நேரில் கண்டனர். அமெரிக்கப் படைவீரர் தாமஸ் வுட் மின்கணக்குப் பொறியையும், ஜப்பானிய அஞ்சல் துறையைச் சேர்ந்த கியோஷி மட்சுசாகி சொரோபானையும் கொண்டு மோதிய போட்டியில், பெருக்கலில் மட்டுமே பொறி வென்றது. மற்ற நான்கு சுற்றுகளும் மட்சுசாகிக்கே கிடைத்தன.

நம் ஊர்களின் அபாகஸ் வகுப்புகளில் பிள்ளைகள் கையாளுவதும் பெரும்பாலும் இந்த ஐந்து மணி வடிவத்தைத்தான். அவர்களிடம் பழைய ஏழு மணிச் சட்டம் ஒன்றையும் கொடுத்து, அதே ஏழையும் எட்டையும் கூட்டச் சொன்னால், எந்த மணிகள் அசையாமலே நிற்கின்றன என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.